மருந்தைச் சிதைக்கும் காளான்

அப்பா வாழைக்கு மருந்தடித்த தெளிப்பானைக் குளத்தில் கழுவுவதைப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவி, மண்டைக்காட்டில் என்னிடம் கேட்டாள்: "அந்த மருந்து எங்கே போவும், டீச்சர்?"

நீரில் கரைவதால் மட்டும் அது அழிந்துவிடாது. மரத்தை மட்கச் செய்யும் வெண்ணழுகல் பூஞ்சைகள், லிக்னினை உடைக்க லாக்கேஸ், பெராக்ஸிடேஸ் நொதிகளைச் செல்லுக்கு வெளியே சுரக்கின்றன. ஒரே பொருளுக்கென்று அமையாத இந்நொதிகள், லிக்னினைப்போல் வளைய அமைப்புள்ள பூச்சிக்கொல்லிகள் சிலவற்றையும் ஆக்ஸிஜனேற்றம் செய்து சிதைக்கும். இவ்வகைப் பூஞ்சை ஒன்று டிடிடியைச் சிதைப்பதை 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

நம் சிப்பிக்காளானும் இவ்வகையே. அதை வைக்கோலில் வளர்த்து, வைக்கோல் வெளிறி மெலிவதை வகுப்பில் காட்டலாம். பூச்சிக்கொல்லியைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டாம்.

சிதைந்த பொருளும் சிலவேளை நச்சாகலாம். எனவே, தெளிப்பான் கழுவிய நீரைக் குளத்தில் விடாமல் அதே தோட்டத்தில் தெளிப்பதே முதல் பாடம். அன்று மாலையே அவள் அதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.