'தம் அடிப்பீங்களா?' நர்ஸ் கேட்கும் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஜிப்மரின் நகர்ப்புற சுகாதார மையம் இருக்கிறது. பிரஷர், சுகர் என்று மக்கள் அடிக்கடி வந்துபோகும் இதுபோன்ற இடங்கள்தான், சிகரெட், பீடியை விடவைக்க முதல் வாசல்.

நிலவரம் என்ன?

2016-17 தேசியப் புகையிலை சர்வேயில், புகைப்பவர்களில் 55.4% பேர் விட நினைப்பதாகச் சொன்னார்கள். ஆனால், முந்தைய 12 மாதங்களில் மருத்துவரையோ சுகாதாரப் பணியாளரையோ பார்த்தவர்களில் 48.8% பேருக்குத்தான் 'விட்டுடுங்க' என்ற அறிவுரை கிடைத்தது. மற்றவர்கள் அது கிடைக்காமலே வீடு திரும்பியிருக்கிறார்கள்.

நர்ஸ் என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து படிகள்: பழக்கம் உண்டா எனக் கேட்பது, விடச் சொல்வது, தயாரா எனப் பார்ப்பது, தேதி குறிக்க உதவுவது, அடுத்து எப்போது பார்ப்பது என முடிவுசெய்வது. இதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும்.

கடைசிப் படி ஏன்?

விட்ட முதல் வாரத்தில்தான் எரிச்சல், தூக்கமின்மை, 'ஒண்ணே ஒண்ணு' என்ற ஏக்கம் எல்லாம் உச்சத்தில் இருக்கும். பலர் சறுக்குவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் 'எப்படி இருக்கீங்க?' என்று ஒரு போன் வந்தால் பெரிய தெம்பு.

யாரும் கேட்கவில்லையா? நீங்களே ஆரம்பிக்கலாம். தேசிய இலவச உதவி எண்: 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே இருக்கிறது.