‘பாட்டியா... நாங்க பார்க்கலையே!’

திருமழிசையில் பஸ் ஏறி பூந்தமல்லி வர்றதுக்குள்ள இயர்போனில் நாலு ஓவர் கமென்ட்ரி கேட்டு முடிக்கிற ஆளா நீங்க? அப்ப ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி லேடி வானிஷஸ்’ உங்களைப் பத்தின படம்தான் பாஸ்!

1938-ல் வந்த பிரிட்டிஷ் படம். பாதி காமெடி, பாதி த்ரில்லர். ஐரோப்பாவில் ஒரு கற்பனை நாட்டிலிருந்து கிளம்பும் ரயிலில் ஐரிஸ் (மார்கரெட் லாக்வுட்) என்ற பெண்ணுக்குத் துணையாக வர்றாங்க மிஸ் ஃப்ராய் என்ற டீச்சர் பாட்டி. சேர்ந்து டீ குடிக்கிறாங்க. ஐரிஸ் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தா... பாட்டியைக் காணோம்! ‘அப்படி ஒருத்தர் வரவே இல்லையே’ன்னு பெட்டியே சாதிக்குது.

வில்லன் கோஷ்டி பொய் சொல்லலாம். ஆனா, பாட்டியை நிஜமாவே பார்த்த இங்கிலீஷ்காரங்களுமா? அங்கதான் காமெடி! ரெண்டு கிரிக்கெட் பைத்தியங்களுக்கு, ரயில் நின்னா மான்செஸ்டர் டெஸ்ட் போயிடுமேன்னு கவலை. ஒரு வக்கீலுக்கு, கூட வந்திருப்பது மனைவி இல்லைங்கிற ரகசியம் உடைஞ்சிடுமோன்னு பயம். ஆளாளுக்கு ஒரு சின்னக் காரணம். எல்லாம் சேர்ந்தா, ஒரு உயிருக்கே ஆபத்து!

பாட்டி யாருங்கறீங்க? பிரிட்டிஷ் உளவாளி! ரெண்டு நாடுகளோட ரகசிய ஒப்பந்தத்தை ஒரு மெட்டுக்குள் ஒளிச்சு, மனப்பாடம் பண்ணி எடுத்துட்டுப் போறாங்க. நம்ம ஊரிலும் உளவு க்ளாசிக் உண்டு. எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் சிவாஜி நடிச்ச, ஏவி.எம்-மின் ‘அந்த நாள்’ (1954). உலகப் போர்க்கால சென்னைதான் களம். அதில் பாட்டே கிடையாது. இதில் பாட்டுதான் ரகசியமே!

கிரிக்கெட் நண்பர்கள் ஊர் போய்ச் சேர்ந்தா, வெள்ளத்தால் மேட்ச் ரத்து! நிஜத்திலும் அதே 1938 ஜூலையில், இங்கிலாந்து - ஆஸ்திரேலியா மான்செஸ்டர் டெஸ்ட் ஒரு பந்துகூட வீசாமல் மழையில் போச்சு.

சிரிச்சு முடிச்சதும் சுருக்குன்னு ஒண்ணு குத்தும். நம்ம பெங்களூரு ஹைவேயில் யாராவது பைக்கோட விழுந்து கிடந்தா, ‘காலேஜுக்கு லேட்டாகுது’ன்னு எத்தனை பேர் நழுவுறோம்? போலீஸ், கேஸ்னு பயமா? விபத்தில் உதவி பண்றவங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்து 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியாச்சு. பேர், அட்ரஸ் சொல்லச் சொல்லி அவங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

அதனால, பார்த்ததைப் ‘பார்த்தேன்’னு சொல்லுங்க மக்கா. மேட்சை ஹைலைட்ஸ்ல பார்த்துக்கலாம்!