மின்வண்டிக்கு வழி எது?

வீதியின் நீளத்தையும் வளைவையும் காட்டுதலே தேசப்படத்தின் தொழில் என்று முன்னையோர் கருதினர். இன்று கைத்தொலைபேசியில் விரியும் படத்திடம் நாம் வினாவுவது வேறு. ‘இவ்வழியே எனது வண்டி செல்லலாமா?’ என்பதே அவ்வினா. காரில் வருவோனுக்கும் கால்நடையாய் வருவோனுக்கும் விடை கூறுதல் எளிது. மின்கலம் பூட்டிய துவிச்சக்கர வண்டியும், நின்றுகொண்டு செலுத்தும் மின் ஸ்கூட்டரும் தோன்றியபின் அவ்விடை இடர்ப்பாடுடையதாயிற்று. நம் பழைய மாணவர் பலர் குடியேறி வாழும் ஜேர்மனி நாட்டை உதாரணமாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ற் என்பவர் தொடக்கிய ‘ஓப்பின் ஸ்ரீற் மப்’ என்னும் படம் தொண்டர்களால் வரையப்படுவது. ஒவ்வொரு வழிக்கும் அவர்கள் சிறு குறிப்புக்களை எழுதி வைப்பர். யாவர்க்கும் எப்படி, வண்டிகளுக்கு எப்படி, அவற்றுள்ளும் மோட்டார் வண்டிக்கு எப்படி, துவிச்சக்கர வண்டிக்கு எப்படி எனப் பொதுவிலிருந்து சிறப்பிற்கு இறங்கும் ஒழுங்கு அது. இரண்டும் முரணுமிடத்துச் சிறப்புக் குறிப்பே வெல்லும். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என இலக்கண வகுப்பிற் படித்தார்க்கு இது புதுமையன்று.

நிற்க. மின்சாரம் உந்தும் துவிச்சக்கர வண்டி எதனையும் மக்கள் ‘ஈ-பைக்’ என்றே அழைக்கின்றனர். ஜேர்மனியச் சட்டமோ அதனை மூன்றாகப் பிரிக்கின்றது. மிதிக்கும்போது மட்டும் துணைபுரிந்து, மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும் துணையை நிறுத்திவிடும், 250 உவாற்றுக்கு மேற்படாத மோட்டாரையுடைய வண்டி ‘பெடெலெக்’ எனப்படும். இது மோட்டார் வண்டி அன்று, துவிச்சக்கர வண்டியே என 2013 ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்திற்று. மணிக்கு 45 கிலோமீற்றர் வரை துணைபுரியும் விரைவுப் பெடெலெக் சிறு மோட்டார் சைக்கிளோடு வைத்து எண்ணப்படும். அதற்குக் காப்புறுதித் தகடும் தலைக்கவசமும் வேண்டும். துவிச்சக்கர வண்டிப் பாதையில் அதற்குப் பொதுவாக இடமில்லை. மூன்றாவது வகை, மிதியாமலே மோட்டாரால் ஓடி 25 கிலோமீற்றர் வேகத்தில் உந்துதலை நிறுத்துவது. வீதிச்சட்டம் ‘ஈ-பைக்’ என்னும் பெயரை இம்மூன்றாவதற்கே சூட்டியுள்ளது! கடைகளில் அப்பெயரால் விற்கப்படுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெடெலெக்குகள் என்பதை நினைவிற்கொண்டால் குழப்பத்தின் அளவு விளங்கும்.

இதன் விளைவு யாது? ‘ஈ-பைக்குகளுக்குத் தடையில்லை’ என்னும் துணைப்பலகை ஊர்களிற் சில பாதைகளில் உண்டு. அதனைக் கண்ட தொண்டர் ஒருவர், பலகை இல்லாத அயற்பாதைக்கு ‘ஈ-பைக் ஆகாது’ என்று எழுதிவிடலாம். சட்டத்தின் சொற்படி அது சரியே. ஆயின், வழிகாட்டும் கணினி நிரல் பெடெலெக்கையும் ஈ-பைக் என்றே கொள்ளுமாயின், முழங்கால் நோவுக்காக அவ்வண்டியை வாங்கிய முதியவர் ஆற்றங்கரைப் பாதையை விட்டுப் பாரவண்டிகள் இரையும் பெருந்தெருவுக்கு அனுப்பப்படுவார். மற்றொருவர் பெடெலெக்கை எண்ணி ‘ஈ-பைக் ஆகும்’ என்று எழுதினாலோ, 45 கிலோமீற்றர் வேக வண்டி அப்பாதையிற் சிறுவரிடையே புகும். படத்தைப் பார்த்தே வந்தேன் என்னும் சமாதானம் பொலிசார் முன் செல்லாது.

ஆதலின் சந்தைப் பெயரையன்றிச் சட்டம் வகுத்த இனத்தையே குறிப்பில் எழுதல் வேண்டும் என்பது எமது துணிபு. பெடெலெக்குக்குத் தனிக் குறிப்பு வேண்டுவதே இல்லை; துவிச்சக்கர வண்டிக்குரிய குறிப்பே போதும். விரைவுப் பெடெலெக்குக்குத் தனிக் குறிப்பு உண்டு. டூபிங்கன் நகரம் 2019 இல் சில பாதைகளை அதற்குத் திறந்துவிட்டது போன்ற இடங்களில் அதனை எழுதலாம்.

பலகை இல்லாவிடத்து என் செய்வது? நாட்டின் பொதுச்சட்டத்தை ஒவ்வொரு பாதையின் மேலும் பெயர்த்தெழுதுவோர் உளர். அது வீணுழைப்பு மாத்திரமன்று. சட்டம் மாறும் நாளில் அக்குறிப்புக்கள் யாவும் பொய்யாகும். குறிப்பில்லாமை தடையும் அன்று, அனுமதியும் அன்று. அங்கே நாட்டுச்சட்டத்தைக் கொள்க என்பதே அதன் பொருள். அச்சட்டத்தை வழிகாட்டும் நிரலே தன்னகத்து வைத்திருத்தல் வேண்டும். அதுவும் எளிதன்று. மேற்கூறிய மூன்றாவது வகை வண்டி ஊருக்கு வெளியே துவிச்சக்கர வண்டிப் பாதையிற் செல்லலாம். ஊருக்குள் பலகை இருந்தாலன்றிச் செல்லலாகாது. பாதையும் ஒன்றே, வண்டியும் ஒன்றே; ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சட் பலகையைக் கடந்ததும் உரிமை மாறிவிடும். அப்பலகை நிற்கும் இடம் படத்திற் பிழையாயின் பாதையைப் பற்றிய விடையும் பிழையே.

மின் ஸ்கூட்டருக்கு ஜேர்மனிய வீதிகளில் இடமளித்தது 2019 ஜூன் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி. வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேற்படலாகாது, செலுத்துவோர்க்கு 14 வயது நிரம்பியிருத்தல் வேண்டும், நடைபாதை கூடாது, துவிச்சக்கர வண்டிப் பாதை இருப்பின் அதிலேயே செல்லல் வேண்டும் என அது விதித்தது. இவ்வளவில் ஸ்கூட்டரைத் துவிச்சக்கர வண்டியோடு சேர்த்துவிடலாம் எனத் தோன்றும். ஆயின் பாதசாரிகட்கு ஒதுக்கிய கடைத்தெருவில் ‘துவிச்சக்கர வண்டிகளுக்குத் தடையில்லை’ என்னும் பலகை இருந்தாலும் ஸ்கூட்டருக்கு அது பொருந்தாது. அதற்குத் தனிப்பலகை வேண்டும் என்று அவ்விதி வகுத்தது. ஆகவே படத்திலும் ‘சிறு மின்வண்டி’ என்னும் தனி இனம் ஏற்பட்டது.

பிரித்தானியாவில் நிலை முற்றும் வேறு. 2020 ஜூலையில் அங்கே தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டங்கள் வாடகை ஸ்கூட்டரையே வீதியில் அனுமதித்தன. அதே உருவில் ஒருவர் சொந்தமாக வாங்கியதை அனுமதிக்கவில்லை. பாரிஸ் நகரமோ இதற்கு நேர்மாறாக, 2023 செப்ரெம்பர் முதல் வாடகை ஸ்கூட்டரை நீக்கிச் சொந்த ஸ்கூட்டரை விட்டுவைத்தது. உரிமை வண்டியின் இனத்தைப் பற்றாது அதன் உடைமையைப் பற்றி நிற்கும் இவ்விடங்களில், பாதையின் மேல் எழுதும் குறிப்பு உதவாது. பாரிஸின் தடைக்காகப் படத்திற் திருத்தவேண்டியிருந்தவை பாதைகள் அல்ல, வாடகை ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடங்களே.