கேதரிங்கும் நிகாலும், நடுவில் ஒரு பெயரும்

டிசம்பர் பிறந்தால் தமிழ்நாட்டில் மார்கழிக் கோலமும் சபாக் கச்சேரிகளும் நினைவுக்கு வரும். புனேயில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வேறொரு சொல் காதில் விழத் தொடங்கும். அதுதான் 'கேதரிங்'. ஊரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்கள் முதல் வருடம் இதைக் கேட்டு விழிப்பது வழக்கம். ஏதோ பெற்றோர் கூட்டம் போலிருக்கிறது என்று எண்ணி, ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்களும் உண்டு. நாம் 'ஆண்டு விழா' என்கிறோமே, அதுதான் கேதரிங். அழைப்பிதழில் 'ஸ்நேஹ சம்மேளன்' என்று அச்சடித்திருப்பார்கள். வாய்ப்பேச்சில் எல்லோருக்கும் கேதரிங்தான்.

இங்கே பள்ளி வருடம் ஜூன் நடுவில் தொடங்குகிறது. தீபாவளி விடுமுறையோடு முதல் பருவம் முடிந்துவிடும். பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் விளையாட்டுப் போட்டிகள், அவற்றை ஒட்டி கேதரிங், பரிசளிப்பு, ஜனவரி-பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கு விடைகொடுக்கும் 'நிரோப் சமாரம்ப்', பிறகு போர்டு பரீட்சை, ஏப்ரலில் மற்ற வகுப்புகளுக்கு ஆண்டுப் பரீட்சை, மே முதல் தேதி 'நிகால்', அதாவது ரிசல்ட் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். மத்திய போர்டிலும் ஐ.சி.எஸ்.இ.யிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சற்று முன்னே பின்னே இருக்கும்.

பள்ளிக்கூடம் என்பதைப் பெரிய விஷயமாகக் கொண்டாடும் ஊர் இது. முகாம் பகுதியில் பிஷப்ஸ் பள்ளி 1864-லும், செயின்ட் வின்சென்ட் பள்ளி 1867-லும் தோன்றியவை. அவை மிஷன்காரர்கள் நடத்தியவை. நம்மவர்களே, சர்க்கார் தயவை நம்பாமல் ஒரு உயர்நிலைப் பள்ளி நடத்திக் காட்ட வேண்டும் என்று விஷ்ணு சாஸ்திரி சிப்ளுண்கர், பால கங்காதர திலகர், ஆகர்கர் போன்றவர்கள் முனைந்து தொடங்கிய நியூ இங்கிலீஷ் ஸ்கூலின் பிறந்த நாள் 1880 ஜனவரி 1. அங்கே ஆசிரியராக இருந்த வாமன் சிவராம் ஆப்டேதான் இன்றைக்கும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் சம்ஸ்கிருத-ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். அந்தப் பள்ளியை நடத்தியவர்களின் முயற்சியில் 1884-ல் டெக்கான் எஜுகேஷன் சொசைட்டியும், அடுத்த வருடம் பெர்குசன் கல்லூரியும் எழுந்தன. ஜனவரி 3 சாவித்திரிபாய் பூலேயின் பிறந்த நாள். 1848-ல் இதே ஊரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் என்பதால், கேதரிங் மேடையில் வருடம் தவறாமல் ஒரு சிறுமி நெற்றியில் பெரிய குங்குமமும் கையில் புத்தகமுமாக வந்து நிற்பாள்.

நம் வானவடியைச் சொல்ல வேண்டும். 1794-ல் மஹாத்ஜி ஷிண்டே காலமான இடம். அவருடைய சத்ரி இங்கேதான் இருக்கிறது. இராணுவக் குடும்பங்கள், ஓய்வு பெற்றவர்கள், கம்பெனி உத்தியோகஸ்தர்கள் என்று பல மாநிலத்தாரும் கலந்து வாழும் பேட்டை. பெரிய மைதானம் உள்ள பள்ளிகள் பந்தல் போட்டுக்கொள்ளும். மற்றவை மகாத்மா பூலே பவன் போன்ற அரங்கைத் தேடிப் போகும். டிசம்பர் கடைசி வாரத்தில் ஹால் கிடைப்பது கல்யாண முகூர்த்தத்தில் மண்டபம் கிடைப்பதைவிடக் கஷ்டம் என்று ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மேடையில் என்ன நடக்கும்? கணேச வந்தனம், சிவாஜி மகாராஜைப் பற்றிய போவாடா, மீனவர்களின் கோளி நடனம், லாவணி, லேஜிம். நடுவே சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் ஏழெட்டு. கடைசியில் தேசபக்திப் பாட்டும் மூவர்ணக் கொடியும். நம் பெண்களில் யாராவது பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தால் கணேச வந்தனம் அவளுக்கு எழுதி வைத்ததுதான். 'சௌத் இண்டியன் டான்ஸ்' என்று ஒன்று வரும். கசவுப் புடவை கேரளத்திலிருந்து, பாட்டு தெலுங்கிலிருந்து, தலைநிறைய மல்லிகைப்பூ நம்மிடமிருந்து! நம் தாய்மார்கள் பின்வரிசையில் இருந்து முணுமுணுப்பார்கள். முணுமுணுப்பதற்குப் பதில் நவம்பரிலேயே டீச்சரிடம் போய், 'கும்மி நான் சொல்லித் தருகிறேன்' என்று முன்வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் ஆடைச் செலவு ஒரு பாவாடை தாவணியோடு முடிந்துவிடும். வாடகை உடைக்கடைக்குப் போய்க் காத்து நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு வருத்தம் எனக்கு உண்டு. 'எல்லாம் மராத்தியில் பேசுவார்கள், நமக்கு என்ன புரியும்' என்று அப்பாக்கள் வராமல் இருந்துவிடுகிறார்கள். பிள்ளை மரமாக நின்றாலும் அலையாக அசைந்தாலும், அவன் கண் தேடுவது கூட்டத்தில் நம் முகத்தைத்தான். தவிர, வகுப்பில் மராத்திப் பாடத்தில் தட்டுத் தடுமாறும் பிள்ளை கேதரிங்கில் இரண்டு வரி 'நிவேதன்' சொல்ல நேர்ந்தால், அதைப் பதினைந்து நாள் உருப்போட்டு, அக்கம்பக்கத்து ஆயிகளிடம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு, அந்த மொழிக்கே பயப்படாமல் ஆகிவிடுகிறான். 2020-ல் வந்த மாநிலச் சட்டப்படி எந்த போர்டுப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். டியூஷன் வைப்பதைவிட மேடை நல்ல வாத்தியார். தலைமை விருந்தினர் பேச்சு மட்டும் எந்த மொழியானாலும் நீளம்தான்.

டில்லியில் 1923-ல் வேரூன்றிய தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகள் நடத்துகிறது. பம்பாயில் 1932 முதல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இருக்கிறது. அங்கெல்லாம் பொங்கல் விழாவையும் பள்ளி விழாவையும் நம் வழக்கப்படியே நடத்திக்கொள்ள வழியுண்டு. நம் பேட்டையில் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பள்ளிகளில் சிதறிப் படிக்கிறார்கள். ஆகவே நாமேதான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

'நிரோப் சமாரம்ப்' அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு விருந்து வைப்பார்கள். பெண்கள் புடவை கட்டிக்கொண்டு வரும் நாள். அழுகையும் போட்டோவும் நிறைய. அது இருக்கட்டும். அதற்குச் சில மாதம் முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்பினேன். அது பிள்ளையின் பெயர்.

மகாராஷ்டிரத்தில் பெயர் எழுதும் முறை: குடும்பப் பெயர், பிள்ளையின் பெயர், தந்தை பெயர். தாய் பெயர் தனிக் கட்டத்தில். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். எம். கவிதா என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா முருகேசன். பள்ளியில் சேர்க்கும்போது க்ளார்க், 'ஆட்நாவ் காய்?' என்று கேட்பார். அப்பா அவசரத்தில் தன் பெயரையே சொல்லிவிடுவார். ரிஜிஸ்டரில் 'முருகேசன் கவிதா முருகேசன்' என்று ஏறிவிடும். மூன்று வருடம் கழித்துத் தம்பி சேரும்போது, அம்மா போயிருப்பாள். அவள் தாத்தாவின் பெயரைச் சொல்வாள். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு வேறு. இன்னொரு வீட்டில் ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். வகுப்பில் அந்தப் பையனை எல்லோரும் ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. பள்ளியின் ஜெனரல் ரிஜிஸ்டரில் உள்ளதுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும், பள்ளியை விட்டுப் போகும்போது தரும் 'லீவிங் சர்ட்டிபிகேட்'டுக்கும் போகிறது. ஊரில் டி.சி. என்கிறோமே, அதற்கு இங்கே எல்.சி. என்று பெயர். பிறகு ஆதாரில் 'கவிதா எம்' என்றும், பாஸ்போர்ட்டில் வெறும் 'கவிதா' என்றும், சர்ட்டிபிகேட்டில் 'முருகேசன் கவிதா முருகேசன்' என்றும் இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் அலைய வேண்டும். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசா வாங்கினால், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகி வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அங்கே போன நம் பிள்ளைகளை ஆபீஸில் 'ஃப்னு' என்று கூப்பிட்ட கதைகள் நிறைய.

எனவே பிள்ளை ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் மே மாதத்திலேயே பள்ளி ஆபீஸுக்குப் போய் ரிஜிஸ்டரில் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் பெயர் ஆகியவற்றை நேரில் பார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் நகலும் ஆதாரும் கையில் இருக்கட்டும். இப்போது 'அபார்' எண் வழங்குவதற்கும் பள்ளிப் பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. தவறு இருந்தால் ஹெட்மாஸ்டருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பெரிய மாற்றமானால் கல்வி அதிகாரியின் அனுமதி தேவைப்படும், அதற்கு நாளாகும். பத்தாம் வகுப்பு விண்ணப்பம் பூர்த்தி செய்வது தீபாவளியை ஒட்டி. அதன் பிறகு 'ப்ரீ-லிஸ்ட்' என்று ஒரு அச்சுப் படி வரும். பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு கேதரிங் ஒத்திகைக்கு ஓடிவிடுவார்கள். அன்று அதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளியை விட்டு வெளியே வந்த பின் திருத்தம் கேட்டுப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும்.

சின்னக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு ஒரு புதிய செய்தி. 2024 மே 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, மாநில அரசின் ஆவணங்களில் குழந்தை பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசை வந்துவிட்டது. கணவனும் மனைவியும் கூடி உட்கார்ந்து, ஒரு பெயரைக் குடும்பப் பெயராக முடிவுசெய்து, அதையே எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாக் காகிதத்திலும் எழுதுவது ஒன்றே வழி. தாத்தா பெயராக இருந்தால் என்ன, ஊர் பெயராக இருந்தால் என்ன? ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்துக் கூட்டலும் ஒன்றாக இருக்கட்டும். 'கவிதா'வில் 'டி'க்குப் பின் 'எச்' உண்டா இல்லையா என்பதில் நம் ஊர் வழக்கும் இங்குள்ள வழக்கும் வேறு. க்ளார்க் தன் வழக்கப்படிதான் எழுதுவார்.

மே 1 மகாராஷ்டிர தினம். 1960-ல் மாநிலம் உருவான நாள். காலையில் பள்ளியில் கொடியேற்றிவிட்டு 'ப்ரகதி புஸ்தக்' கையில் கொடுப்பார்கள். மாற்றல் உத்தரவு வந்த இராணுவக் குடும்பங்களும் ரயில்வே குடும்பங்களும் எல்.சி. கேட்டு வரிசையில் நிற்பதும் இதை ஒட்டித்தான். வாங்கிய எல்.சி.யை ஜன்னலை விட்டு நகருமுன் படியுங்கள். கோடை விடுமுறையில் ஆபீஸ் காலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும்; எந்த நாட்களில் க்ளார்க் இருப்பார் என்று வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள். ஊருக்கு டிக்கெட் எடுக்குமுன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.