ஒரு பறையின் ஓசை பற்றியெழுந்த பூசல்

இருபதாண்டுகளாகத் தன்னைப் போற்றிவந்த இரசிகரை ஓர் இசைக்குழு ஒரே வெளியீட்டினால் இரு கட்சியாகப் பிரித்துவிடுதல் கூடுமோ எனின், கூடும் என்பதற்கு அமெரிக்க நாட்டு மெற்றாலிக்காக் குழுவினர் 2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியிட்ட ‘சென்ற் ஆங்கர்’ என்னும் இசைத்தொகுப்பே சான்றாகும். அப்பூசலில் முன்னின்றது ஒரு பறையின் ஓசை. ஆண்டுகள் பல சென்றும் அது ஓய்ந்தபாடில்லை. மேனாட்டிசையிற் பழக்கமில்லாத அன்பர்கள் இதனை இளைஞரின் வீண் ஆரவாரமென்று தள்ளிவிடாது சிறிது செவிசாய்ப்பாராக. வழக்கிற் பொருளுண்டு.

மெற்றாலிக்கா 1981இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் தோன்றியது. லார்ஸ் உல்றிக் என்பார் ‘டிறம்ஸ்’ வாசிப்பவர், ஜேம்ஸ் ஹெற்பீல்ட் பாடுபவர், கிற்றாரும் இசைப்பவர். றொக் இசையின் கிளைகளுள் வன்மையும் விரைவும் மிக்கதாகிய ‘மெற்றல்’ இவர்களது துறை. 1986இல் வந்த ‘மாஸ்ரர் ஒவ் பப்பெற்ஸ்’ என்னும் தொகுப்பை இத்துறையின் சிகரமென்பாருளர். 1991இல் பாடல்களைச் சுருக்கி எளிமையாக்கினர். அத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. 1996இல் தலைமயிரைக் குறைத்து இசையின் விரைவையுங் குறைத்தனர். ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய இரசிகர் சிலர் முணுமுணுத்து விலகினர். புதியோர் வந்து சேர்ந்தனர். 2000ஆம் ஆண்டில், தம் பாடல்கள் நப்ஸ்ரர் வழியாகப் பணமின்றிப் பரவுதலைக் கண்டு வழக்குத் தொடுத்து, அவ்வாறு பகிர்ந்த 3 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களையும் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். சட்டம் எவ்வாறாயினும், இரசிகர் மனத்தில் அது வடுவாய் நின்றது. புதிய தொகுப்பு வந்த காலத்தில் நல்லெண்ணம் முன்னரே குறைந்திருந்ததென்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

குழுவின் உள்நிலையும் அவ்வாறே. 2001 சனவரியில் ஜேசன் நியூஸ்ரெட் விலகினார். அவ்வாண்டின் நடுவில் ஹெற்பீல்ட் குடிப்பழக்கத்தினின்று மீளச் சிகிச்சைக்குச் சென்றார். பல மாதங்கள் வேலை நின்றது. திரும்பியபின் நாளொன்றுக்குச் சில மணி நேரமே ஒருங்கிருந்து பணியாற்றினர். 2004இல் வெளியான ‘சம் கைன்ட் ஒவ் மொன்ஸ்ரர்’ என்னும் ஆவணத் திரைப்படம் இவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது.

இனிப் பறைக்கு வருவோம். டிறம்ஸ் தொகுதியில் ‘ஸ்நெயர்’ என்றொரு சிறுபறையுண்டு. அதன் அடித்தோலோடு ஒட்டிச் சில உலோகக் கம்பிகள் கிடக்கும். மேலே கோல் விழும்போது அக்கம்பிகள் அதிர்ந்து ‘சர்’ என்னும் சிலிர்ப்பைக் கூட்டும். எமது தம்புராவிலே தந்திக்குங் குதிரைக்குமிடையில் வைக்கும் சிறு நூலை எண்ணிப் பார்க்க. அந்நூலை எடுத்துவிட்டால் நாதம் எவ்வாறு வெறிதாகின்றதோ, அவ்வாறே கம்பி நீங்கிய ஸ்நெயரும் உள்ளீடற்ற தகரம் போல் ஒலிக்கும். ஒருநாள் கம்பியை மாட்ட மறந்து வாசித்ததாகவும், பதிவைத் திரும்பக் கேட்டபொழுது அவ்வோசையே பிடித்துப்போனதாகவும் உல்றிக் கூறியுள்ளார். தொகுப்பு முழுவதும் அவ்வோசையே. அன்றியும், இரசிகர் பெரிதும் விரும்பிய தனிக் கிற்றார் வாசிப்பு ஓரிடத்திலுமில்லை. அதனை விடுத்தால் இவ்விசை குறித்த ஒரு காலத்துக்கே உரியதாய்ப் போய்விடுமென்று கிற்றார்க் கலைஞர் கேர்க் ஹமற் வாதாடுவதைத் திரைப்படத்திற் காணலாம். அவர் வாதம் எடுபடவில்லை.

ஒரு சாரார், “இது பாத்திரக்கடை ஓசை” என்றனர். மறு சாரார், “உடைந்த மனிதர் உடைந்த ஓசையைத் தந்தனர், மெருகிட்டிருந்தால் அதுவே பொய்யாகும்” என்றனர். தொகுப்போ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்திற் புகுந்தது. அதன் தலைப்புப் பாடல் 2004இல் கிராமி விருதும் பெற்றது. விருதைக் காட்டி வாயடைக்க முயல்வது வழக்குத் தீர்க்கும் முறையன்று.

எம் கருத்து வேறு. பறை வேறொருவர் பிழைக்கு அடிவாங்குகின்றது. பதினொரு பாடல்கள், ஏறக்குறைய 75 நிமிடம், ஐந்து நிமிடத்திற் குறைந்த பாடல் ஒன்றுமில்லை, மூன்று பாடல்கள் எட்டு நிமிடத்தையுங் கடப்பன. நீளமே குற்றமென்பாரல்லோம். 1986ஆம் ஆண்டுத் தலைப்புப் பாடலும் எட்டு நிமிடத்துக்கு மேற்பட்டதே. ஆயின் அதன் நடுவில் வேகம் தணிந்து மென்மையானதொரு பகுதி வருகின்றது. பின்னர் மீண்டும் புயல் எழுகின்றது. கேட்போன் இளைப்பாறித் தொடர்கின்றான். 2003ஆம் ஆண்டுப் பாடல்களில் அந்த நிழல் மிக அரிது. அதே அடி மீண்டும் மீண்டும் வர, செவி சலிப்படைந்து, கண்முன் நிற்கும் பறையையே குற்றவாளியாகக் காட்டுகின்றது. கட்டுரையைச் சுருக்கத் தெரியாத மாணவனின் கையெழுத்தை மட்டும் கடிந்துகொள்ளும் ஆசிரியரை யாம் அறிவோம்.

வெறுப்பு மட்டுமே இருந்ததென்றுஞ் சொல்லவியலாது. 2015இல் இளைஞர் சிலர் இத்தொகுப்புப் பாடல்களைப் பறையோசை திருத்தித் தாமே புதிதாக இசைத்து வெளியிட்டனர். வெறுத்த பொருளுக்கு அத்துணை உழைப்பை எவர் செலவிடுவர்?

2008இல் வந்த ‘டெத் மக்னெற்றிக்’ தொகுப்பின் கதையோ முற்றிலும் வேறு. இரசிகர் கேட்ட பழைய விரைவுந் தனிவாசிப்பும் அதில் மீண்டன, ஆயினும் பூசலெழுந்தது. இறுவட்டிற் பதியும் ஒலிக்கு மேலெல்லையொன்றுண்டு. எல்லாவற்றையும் உரக்க ஒலிப்பிக்கும் ஆசையால் மெல்லொலியை அவ்வெல்லைவரை உயர்த்தினால், வல்லொலிக்கு ஏற இடமின்றி அதன் முடி வெட்டுண்டு கரகரக்கும். இத்தொகுப்பில் நிகழ்ந்தது அதுவே. ‘கிற்றார் ஹீரோ’ என்னும் கணினி விளையாட்டில் இதே பாடல்கள் அவ்வாறு அமுக்கப்படாது வந்திருந்தமையால், இரண்டையும் ஒலியலைப் படமாக வரைந்து அருகருகே வைத்து இரசிகர் காட்டிவிட்டனர். ஒன்றிற் குன்றும் பள்ளமுமுண்டு. மற்றையது வெட்டிய வேலி போன்றது. ஆயிரக்கணக்கானோர் மீள்கலவை கோரி விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். முன்னைய பூசல் குழுவினர் விரும்பிச் செய்ததைப் பற்றியது. அங்கே இரு கட்சிக்கும் இடமுண்டு. பின்னையது கைவினையின் பழுதைப் பற்றியது. அளந்து காட்டியபின் மறுகட்சிக்குச் சொல்லத்தக்கது சிறிதே. இவ்விரண்டையும் “பழைய இரசிகர் புதுமையைப் பொறார்” என்று ஒரே மூட்டையாகக் கட்டுவோர் ஒன்றையும் செவிமடுத்தவராகார்.

கேட்டுப் பார்க்க விரும்பும் மாணாக்கர் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து தொடங்குக. அதன்பின் ‘சென்ற் ஆங்கர்’ தொகுப்பை ஒரே இருப்பிலன்றி நாளுக்கு இரண்டு பாடலாகக் கேட்க. விடுதியிலிருப்போர் கதவைச் சாத்திக்கொள்வதும் நன்று. மேற்பார்வையாளரின் பொறுமைக்கும் மேலெல்லையொன்றுண்டு.