பழைய காசு லட்சாதிபதி ஆக்குமா?

ஏலகிரியில் தாத்தா வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு தகர டப்பா நிறைய பழைய காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன செய்வோம்? போனை எடுத்து விலையைத் தேடுவோம். 'வைஷ்ணவி தேவி படம் போட்ட காசுக்குப் பல லட்சம்' என்று விளம்பரம் வரும்.

நம்பலாமா? வேண்டாம். 2012-ல் புழக்கத்துக்கு வந்த சாதாரணக் காசு அது.

பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. எத்தனை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. 1835-ம் ஆண்டு கிழக்கிந்திய கம்பெனியின் செப்புக் கால் அணா இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் 1939-ம் ஆண்டு வெள்ளி ஒரு ரூபாய் மிக அபூர்வம். அதனாலேயே அதில் போலிகளும் அதிகம். பாதி வெள்ளியாகக் குறைக்கப்பட்ட 1940-ம் ஆண்டு ரூபாயோ ஏராளம்.

விற்கப் போகிறீர்களா? காசை வாங்குகிறவர் உங்களிடமே முன்பணம் கேட்டால் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி கமிஷன், வரி கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

ஆசைக்குச் சேர்க்கிறீர்களா? பாக்கெட்டில் இருக்கும் சில்லறையிலேயே தொடங்கலாம். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா.

எதற்காகச் சேர்த்தாலும் சரி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அதோடு காசின் மதிப்பும் போய்விடும்.