இருளில் எண் தெரிய

கால்குலேட்டர் என்று நாம் வழங்கும் கைக்கணிப்பானின் திரைக்குத் தனக்கென ஒளி கிடையாது. பகலொளியோ விளக்கொளியோ அதனுள் புகுந்து மீண்டு வந்தால்தான் எண்கள் புலனாகும். மின்வெட்டு நேர்ந்த இரவில், பொத்தான்கள் செவ்வனே இயங்கியும் விடையைக் காண இயலாமற் போவது இதனால்தான். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி உண்டாகிறது என்பதை, 965-ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கினார். அவ்விதிக்குக் கணிப்பானும் விலக்கன்று. இருளில் எண் தெரிய வேண்டுமாயின் திரைக்குப் பின்னே நாமே ஒரு விளக்கை அமைத்தல் வேண்டும்.

ஆயின், விளக்கை வைத்தால் மட்டும் போதாது. திரையின் இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே இருப்பது நீர்மப் படிகம். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலறிஞர் ரைனிட்சர் கண்ட விந்தைப் பொருள்வகை. நீர்மம் போல் ஒழுகும்; படிகம் போல் ஒழுங்குற்றிருக்கும். முரண்பட்ட இவ்விரு தன்மைகளையும் இரு சொற்களில் அடக்கிய தமிழ்க் கலைச்சொல் பாராட்டத்தக்கதே. கண்ணாடியின் முன்னும் பின்னும் தளவிளைவாக்கித் தாள்கள் ஒட்டப்பட்டுள்ளன. முன்தாள் வழியே நுழையும் ஒளியைப் படிகம் 90 பாகை திருப்பிப் பின்தாள் வழியே செலுத்துகிறது. மின்னழுத்தம் பெற்ற இடத்தில் திருப்பம் நிகழாமையால் ஒளி தடைப்படுகிறது. அந்தக் கருமையே நாம் காணும் எண். பின்தாளை ஒட்டியுள்ள வெள்ளிநிறப் படலம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நம் விளக்கை மறைப்பதும் அப்படலமே.

எனவே அதனை உரித்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் தளவிளைவாக்கியும் உடன் வந்துவிடும். எண்கள் முற்றிலும் மறையும். அஞ்ச வேண்டுவதில்லை. பழுதான வேறொரு கணிப்பானின் முன்தாளை எடுத்துப் பின்னே பிடித்துச் சுழற்றினால் எண்கள் மீளும். ஒரு நிலையில் வெளிர்பரப்பில் கரிய எண். 90 பாகை திருப்பினாலோ கரும்பரப்பில் ஒளிரும் எண்! விரும்பியதைக் கொள்ளலாம். உரிக்கையில் கண்ணாடி விரிசலுறாமலும், சுற்றுப்பலகையோடு திரையை இணைக்கும் மெல்லிய நாடா பெயராமலும் காத்தல் இன்றியமையாதது. நாடா பெயர்ந்தால் எண்களின் கோடுகள் சில தோன்றா. அதனை மீள ஒட்டுவது அரிது.

தாளின் பின்னே மெல்லிய அக்ரிலிக் தகடு, அதன் பின்னே வெள்ளைத் தாள், தகட்டின் விளிம்பில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு என அமைக்கலாம். ஒளியைப் பரப்பும் வெண்தாளைத் தளவிளைவாக்கிக்கும் கண்ணாடிக்கும் இடையே வைத்தல் கூடாது. ஒளியின் ஒழுங்கு கலைந்து எண் மங்கும்.

இரண்டு சிறு பென்சில் மின்கலங்கள் தரும் 3 வோல்ட்டில் சிவப்பு விளக்குக்குச் சுமார் 2 வோல்ட் செல்லும். எஞ்சிய 1 வோல்ட்டுக்கு 200 ஓம் மின்தடையை இணைத்தால் 5 மில்லி ஆம்பியர் பாயும். வெள்ளை விளக்குக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டுமாதலால் அது இங்குப் பொருந்தாது. சூரிய ஒளியில் மட்டும் இயங்கும் கணிப்பானுக்கு இம்முறை பயனற்றது.

கணிப்பான் முழுவதும் உண்ணும் மின்னோட்டத்தைவிட இச்சிறு விளக்கு உண்பது பன்மடங்கு. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் மின்கலம், விளக்கு இடைவிடாது எரியின் சில நாட்களில் தீர்ந்துவிடும். ஆதலின் அழுத்தும்போது மட்டும் எரியுமாறு ஒரு பொத்தானை இடையே இணைக்க வேண்டும். தேர்வுக்கு எடுத்துச் செல்லும் கணிப்பானில் மாணவர்கள் இதனைச் செய்யாதிருத்தல் நன்று. பிரித்து மாற்றிய கருவியைத் தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர் ஏற்பார் என்பதற்கில்லை.